பெரியவர்களின் நாற்காலி: குறை எங்கே, சரிசெய்வது எப்படி

வயதானவர்கள் நாற்காலியைக் குறை சொல்வது அபூர்வம். "முழங்கால்ல பலமே இல்ல" என்பார்கள், "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் நாற்காலியை விட்டுக் கட்டிலுக்குப் போய்விடுவார்கள். வலியும் தளர்ச்சியும் உண்மைதான். ஆனால் பல சமயம் அதைக் கிளப்பிவிடுவது நாற்காலியில் உள்ள நாலைந்து சென்டிமீட்டர் தப்பு.

உங்கள் வீட்டுக் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும். முதல் பகுதியில் உள்ள அளவுகளை மட்டும் எல்லோரும் எடுத்தாக வேண்டும். அளவு கையில் இல்லாமல் எதையும் வாங்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம்.

## முதலில் அளவு

ஒரு இஞ்சி டேப் போதும். பெரியவரை மெத்தை இல்லாத பலகை இருக்கையில், முதுகு நிமிர்ந்தபடி உட்கார வைத்து நான்கு அளவு எடுங்கள்.

1. முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை. வீட்டுக்குள் செருப்புப் போடுபவரானால் செருப்போடு.
2. புட்டத்தின் பின்விளிம்பிலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை.
3. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம்.
4. பலகையிலிருந்து மடக்கிய முழங்கை வரை. தோள் தளர்வாக இருக்க வேண்டும்.

அடுத்து நாற்காலி. இதை ஆள் உட்கார்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலி நாற்காலியில் 48 செ.மீ. காட்டும் மெத்தை, ஆள் உட்கார்ந்ததும் 42-க்கு இறங்கிவிடலாம். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வீணாகும் நாற்காலிகள்தான் அதிகம்.

அமுங்கிய இருக்கையின் உயரம் முதல் அளவுக்குச் சமமாக, அல்லது அதைவிட 5 செ.மீ. வரை கூடுதலாக இருக்கலாம். பலருக்கு இது 45 முதல் 50 செ.மீ.க்குள் வரும். ஆழம் இரண்டாவது அளவைவிட 5 செ.மீ. குறைவாக இருக்கட்டும். அதாவது இருக்கை விளிம்புக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். அகலத்துக்கு இடுப்பைவிட 5 செ.மீ. கூடுதல் போதும். கைப்பிடி, அமுங்கிய இருக்கையிலிருந்து முழங்கை உயரத்துக்கோ அதைவிட 2 செ.மீ. மேலாகவோ இருந்தால் சரி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு நாள் பழகவிட்டுப் பாருங்கள். உயரத்தையும் சாய்வையும் மெத்தையையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## எழுந்திருக்க முடியவில்லை

அவர் எழ முயலும்போது பக்கவாட்டில் நின்று பாதங்களைப் பாருங்கள். முகத்தைப் பார்த்தால் சிரமம்தான் தெரியும், பாதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்.

### பாதம் முழங்காலுக்குப் பின்னால் போகவில்லையா?

எழ வேண்டுமென்றால் குதிகால் முழங்காலுக்கு நேர்கீழே இருந்து சுமார் 10 செ.மீ. பின்னால் போக வேண்டும். நாற்காலியின் அடியில் பெட்டி, மூட்டை, பழைய செய்தித்தாள் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிக்கல் அதோடு தீர்ந்துபோவதும் உண்டு.

முன்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் தடுக்கிறதென்றால் அதை அறுத்துப் போட்டுவிடாதீர்கள். நாற்காலி இறுகி நிற்பதே அதனால்தான். பக்கச் சட்டங்களின் நடுவே, பாதத்துக்கு எட்டாத இடத்துக்கு அதை மாற்றித் தரும்படி தச்சரிடம் சொல்லுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பலகையோ இழுப்பறையோ உள்ள சோபா என்றால் செய்ய ஒன்றுமில்லை. அது இவருக்கான இருக்கை இல்லை.

### பாதம் போகிறது, ஆனால் இடுப்பு கிளம்பவில்லையா?

அமுங்கிய உயரத்தை முதல் அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் உயர்த்த வேண்டும். எதை உயர்த்துவது என்பதில்தான் தப்பு நடக்கிறது.

கைக்குக் கிடைத்த குஷனை மேலே போடுவதுதான் எல்லோரும் செய்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழங்கை உயரம் 22 செ.மீ., கைப்பிடி இருக்கையிலிருந்து 22 செ.மீ. மேலே இருக்கிறது, பொருத்தம் சரி. அதில் 8 செ.மீ. குஷன் போட்டால் அது 5 செ.மீ.க்கு அமுங்கும். இப்போது கைப்பிடி 17 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. ஊன்றுவதற்கு அவர் தோளை இறக்கிக் குனிய வேண்டும். காலுக்குக் கொடுத்ததைக் கையிடமிருந்து பிடுங்கியாயிற்று. முதுகுச் சாய்மானத்தின் வளைவும் 5 செ.மீ. கீழே போய்விடும்.

ஆகவே கைப்பிடி ஏற்கெனவே உயரமாக இருந்தால் மட்டும் குஷன். மற்றபடி நாற்காலியின் கால்களைத்தான் உயர்த்த வேண்டும். கிண்ண வடிவக் கால் உயர்த்திகள் இதற்கென்றே கிடைக்கின்றன. தச்சரிடம் மரக்கட்டையில் குழி தோண்டியும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

- கால் குழிக்குள் குறைந்தது 2 முதல் 3 செ.மீ. இறங்கி, ஆடாமல் பிடித்து நிற்க வேண்டும். தட்டையான கட்டை, செங்கல், புத்தகம் எதுவும் கூடாது.
- நான்கும் ஒரே உயரம்.
- 5 முதல் 7 செ.மீ.க்கு மேல் வேண்டாம். அதற்குமேல் தேவைப்பட்டால் நாற்காலியையே மாற்றுவதுதான் பத்திரம்.
- சக்கரம் வைத்த கால், வெளிப்பக்கம் நன்றாக விரிந்த கால், தரையோடு படுத்த வளைகுழாய்க் கால் ஆகியவற்றுக்கு இது ஆகாது.

### உயரம் சரி, கை வழுக்குகிறதா?

கைப்பிடியின் முன்நுனி இருக்கையின் முன்விளிம்பு வரையாவது வர வேண்டும். 10 செ.மீ. பின்னாலேயே முடிந்துவிடும் கைப்பிடி சாய்ந்திருக்க உதவும், எழ உதவாது. நுனி, விரல்கள் சுற்றிப் பிடிக்கும் கனத்தில், சுமார் 3 முதல் 4 செ.மீ.க்குள் உருண்டையாக இருந்தால் நல்லது. மூட்டுவாதத்தில் விரல் மடங்காதவருக்கு உருண்டையைவிட உள்ளங்கை பரவும் தட்டையான, விளிம்பு மழுங்கிய மரம் நல்லது.

புசுபுசுவென்று பஞ்சு வைத்த சோபாக் கைப்பிடியில் ஊன்றினால் பலம் முழுக்கப் பஞ்சுக்குள் போய்விடும். அதன் மேல் ஒரு மரப்பட்டியைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டால் போதும். பஞ்சோடு மட்டும் ஒட்டினால் பெயர்ந்து கையோடு வரும்.

### முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்கிறதா?

இருக்கை பின்னால் அதிகமாகச் சரிந்திருக்கிறது. முன்விளிம்பு உயரத்துக்கும் பின்விளிம்பு உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 45 செ.மீ. ஆழமுள்ள இருக்கையில் 2.5 முதல் 4 செ.மீ. வரை சரிவு இருக்கலாம். அதற்குமேல் இருந்தால் பின்கால்களுக்கு மட்டும் 1.5 முதல் 2 செ.மீ. ஏற்றுங்கள். பின்பக்கம் மெத்தை குழிந்துபோய் அதனால் சரிவு கூடியிருந்தால், கீழே 'குழி விழுந்துவிட்டது' பகுதிக்குப் போங்கள்.

### எல்லாம் சரிதான், இன்னும் முடியவில்லை

அளவுக்கேற்ற உயரம், உறுதியான இருக்கை, நல்ல கைப்பிடி, கால் போக இடம் ஆகிய நான்கும் இருந்தும் எழ முடியவில்லையென்றால் இனி நாற்காலியில் தேட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று 43 செ.மீ. நாற்காலியில் வைத்து அவர்கள் சோதிப்பார்கள். தொடைப் பலம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

போன வாரம் வரை எழுந்தவருக்கு இந்த வாரம் திடீரென்று முடியவில்லையென்றால் மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். எழுந்ததும் தலை சுற்றுகிறதென்றால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்தவர் சொன்ன உயரம்தான் கணக்கு. இங்கே உள்ள எண்கள் அதற்குப் பின்னால்தான்.

மோட்டாரில் தூக்கிவிடும் நாற்காலி கடைசி வழி. எழுந்தபின் தானாக நிற்கவும், ரிமோட்டின் பொத்தான்களைப் புரிந்து இயக்கவும் முடிந்தவருக்குத்தான் அது. ஸ்பிரிங் வைத்துத் தள்ளும் இருக்கைகளில் ஆளின் எடைக்கேற்ற ஸ்பிரிங் அமைய வேண்டும். எடை குறைந்தவரை அது முன்னால் தள்ளிவிட்டுவிடும்.

## உட்காரும்போது தொப்பென்று விழுகிறார்

உயரமும் கைப்பிடியும் மேலே சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தும் விழுந்தால் பார்வையைச் சந்தேகியுங்கள். தரையின் நிறமும் இருக்கையின் நிறமும் ஒன்றாக இருந்தால், பார்வை மங்கியவருக்கும் மறதிநோய் உள்ளவருக்கும் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. வெளிர் தரைக்கு அடர்நிற உறை, அடர் தரைக்கு வெளிர் உறை. பூப்போட்டது, கட்டம் போட்டது வேண்டாம். இருக்கையில் ஏதோ பொருள் கிடப்பதுபோல் சிலருக்குத் தோன்றும்.

பழக்கவும் வேண்டும். இரண்டு கெண்டைக்காலும் இருக்கையில் படும்வரை பின்னால் வந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைத் தொட்டபிறகுதான் இறங்குவது. விளிம்பில் உட்கார்ந்து பின்னால் தள்ளிக்கொள்வது கூடாது.

## முன்னால் சரிந்து சரிந்து வருகிறார்

நிமிர்த்தி உட்கார வைத்து அரைமணி நேரத்தில் இடுப்பு முன்விளிம்புக்கு வந்துவிடுகிறது, முதுகு இருக்கையில் படுக்கிறது. அலுப்பு தட்டிப்போய் வீட்டில் உள்ளவர்கள் துண்டாலோ பெல்ட்டாலோ கட்டிவிடுவதுண்டு. தயவுசெய்து கட்டாதீர்கள். கட்டுக்குக் கீழே உடல் சரியும்போது பட்டை மார்புக்கும் கழுத்துக்கும் ஏறி மூச்சை அடைத்துவிடும்.

சரிவதற்குக் காரணம் அநேகமாக ஆழம். இருக்கை நீளமாக இருந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடுவதற்குள் விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும். உடல் இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளைத்துத்தான் சாய முடியும். கெண்டைக்காலுக்குப் பின்னால் விரல் நுழைகிறதா? நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் உறுதியான, 5 முதல் 8 செ.மீ. ஃபோம் பலகையை வைத்துப் பாருங்கள். அது சாய்மானத்தின் முழு உயரத்துக்கும் வர வேண்டும். நடுமுதுகில் மட்டும் தலையணை செருகினால் அது இன்னும் முன்னால் தள்ளும். பலித்தால் அதே கனத்துக்கு நிரந்தரமாக உறை தைத்துக் கட்டிவிடலாம்.

விரல் தாராளமாக நுழைகிறதென்றால் பாதங்களைப் பாருங்கள். தரையில் முழுதாகப் பதியவில்லையா? தொங்கும் கால், தரையைத் தேடி உடலை இழுத்துவரும். இருக்கையைத் தாழ்த்துங்கள், அல்லது வழுக்காத கால்பலகை வையுங்கள். எழும்போது அந்தப் பலகையை யார் தள்ளுவார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தடுக்கி விழ அதுவே போதும்.

பாதமும் பதிகிறது என்றால் உறை. பளபளக்கும் ரெக்சினில் பருத்தி அல்லாத உடை வழுக்கும். சொரசொரப்பான நெசவுத்துணி உறைக்கு மாற்றிப் பாருங்கள். மேலே தனியாகப் போட்ட குஷன் அடியோடு நழுவுகிறதா என்றும் பாருங்கள். குஷனுக்கும் பலகைக்கும் நடுவே வழுக்காத ரப்பர் வலை விரித்தால் நின்றுவிடும்.

அடுத்தது சாய்வு. சாய்மானம் மட்டும் பின்னால் போய் இருக்கை தட்டையாகவே இருந்தால் சரிவு நிச்சயம். முன்கால்களுக்கு 1.5 செ.மீ. ஏற்றிப் பாருங்கள். அதனால் எழுவது சிரமமாகிறதா என்று அன்றே சோதியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். தானாக எழுபவரானால் எழுவதற்குத்தான் முதலிடம்.

இத்தனைக்கும் பிறகும் சரிந்தால் தொடையின் பின்தசை இறுகியிருக்கலாம், இடுப்பு வளையாமல் இருக்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சையாளர்) வந்து உடம்பை அளந்து, இருக்கையும் முதுகும் ஒன்றாகச் சாயும் நாற்காலி வேண்டுமா என்று சொல்வார். விலை கூடிய நாற்காலியை இந்த ஆலோசனைக்குப் பிறகு வாங்குங்கள்.

## ஒரு பக்கமாகச் சாய்கிறார்

இது இன்றைக்குத் திடீரென்று வந்ததா? வாய் கோணல், ஒரு கை பலமின்மை, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாற்காலியை விட்டுவிட்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்ததென்றால், அவர் எழுந்தபின் காலி இருக்கையின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வையுங்கள். சாயும் பக்கம் கட்டைக்கும் மெத்தைக்கும் இடைவெளி தெரிந்தால் அந்தப் பக்கம் ஃபோமோ, அதை அடியில் தாங்கும் பட்டியோ போய்விட்டது. சமமாக இருந்தால் அகலத்தைப் பாருங்கள். இரண்டு பேர் உட்காரும் சோபாவில் ஒற்றை ஆளாக உட்காருபவர் எந்தப் பக்கமாவது சாயத்தான் செய்வார். இரு பக்கமும் உறுதியான ஃபோம் துண்டுகளை வைத்து அகலத்தைக் குறையுங்கள். சாயும் பக்கம் மட்டும் தலையணை திணிப்பது பலிக்காது. அவர் அதன்மேல் சாய்ந்து அதையும் அமுக்கிவிடுவார்.

டிவி பக்கவாட்டில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அதை நகர்த்துவது எல்லாவற்றிலும் சுலபம்.

## கால் மரத்துப்போகிறது, வீங்குகிறது

தொடைக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே உள்ளங்கையைச் செருகுங்கள். இறுக்கமாக இருந்தால் இருக்கை உயரம், அல்லது விளிம்பு கூர்மை. மரநாற்காலியானால் முன்விளிம்பை 2 முதல் 3 செ.மீ. ஆரத்தில் வளைவாக இழைத்து உப்புத்தாள் போடலாம். ஃபோமானால் முன்பக்கம் மட்டும் மென்மையான ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லலாம். மரக்கால்களை அறுத்து உயரம் குறைப்பதானால் ஒரு தடவைக்கு 1 செ.மீ.க்கு மேல் அறுக்காதீர்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

இரண்டு காலும் மாலையில் லேசாக வீங்குவது நெடுநேரம் உட்கார்வதால் இருக்கலாம். ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் இரத்தக்கட்டு இருக்கக்கூடும். அதைத் தேய்த்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

## முதுகும் கழுத்தும் வலிக்கிறது

நேராக உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை தரைக்கோ கூரைக்கோ போகிறதென்றால் சாய்மானத்தின் கோணம் சரியில்லை. இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே 100 முதல் 110 பாகை இருந்தால் பலருக்குப் பொருந்தும். 90 பாகையில் விறைத்து நிற்கும் சாப்பாட்டு மேசை நாற்காலி அரைமணிக்குமேல் ஆகாது.

இடுப்பின் வளைவுக்குத் தாங்கல், அமுங்கிய இருக்கையிலிருந்து சுமார் 15 முதல் 25 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி வைத்து இடம் கண்டுபிடித்துவிட்டு, பிறகு குஷன் வாங்குங்கள்.

மேல்முதுகு கூனியவருக்கு வழக்கமான சாய்மானமே எதிரி. கூன் முதலில் சாய்மானத்தில் இடித்து, தலை முன்னால் தள்ளப்படும். அவருக்குச் சாய்மானத்தின் மேல்பாதியில் பஞ்சைக் குறைத்து, கூன் உள்ளே புதைய இடம் விட வேண்டும். பஞ்சு நிரப்பிய பைகளை அடுக்கடுக்காகக் கட்டிய சாய்மானமாக இருந்தால், ஒவ்வொரு பையிலும் எடுத்தும் சேர்த்தும் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளலாம். முதலில் பிடரிக்குப் பின்னால் உள்ள குஷனை எடுத்துப் பாருங்கள். கழுத்து வலி அதோடு குறைவதுண்டு.

## உட்காரும் இடத்தில் வலி, சிவப்பு

அவர் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை மேல்நோக்கியபடி குஷனுக்கு அடியில் கையை விட்டு, உட்காரும் எலும்புக்கு நேர்கீழே கொண்டுபோங்கள். விரல்நுனியை மேலே அமுக்கினால் எலும்பு உடனே தட்டுப்படுகிறதா? நடுவில் 2.5 செ.மீ. ஃபோம்கூட மிஞ்சவில்லையென்றால் அந்தக் குஷன் செத்துப்போயிற்று. இன்னொன்றை மேலே போடாமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதை மனத்தில் வையுங்கள். ஒரு கனமீட்டருக்கு 40 கிலோ என்பது அந்த ஃபோம் எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும், எவ்வளவு மெத்தென்றிருக்கும் என்பதைச் சொல்லாது. 40 அடர்த்தியிலேயே இளக்கமும் உண்டு, விறைப்பும் உண்டு. 8 முதல் 10 செ.மீ. உறுதியான ஃபோம், மேலே 2 முதல் 3 செ.மீ. இளக்கமானது என்பது பலருக்கு ஒத்துவரும். மெலிந்தவருக்கு விறைப்பைக் குறையுங்கள். கடையில் அழுத்திப் பார்த்து வாங்குவதைவிட, சின்னத் துண்டானாலும் அவரையே பத்து நிமிடம் உட்கார வைப்பது மேல்.

நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷன் வேண்டாம். சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்தவோட்டத்தைக் குறைக்கும்.

எழுந்தபின் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமலே இருந்தாலோ, அரைமணிக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டாலோ அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாக, கெட்டியாக, சுற்றுப்புறத்தைவிட அடர்நிறமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதற்குமேல் குஷன் ஆராய்ச்சி வேண்டாம். செவிலியரிடமோ மருத்துவரிடமோ அன்றே காட்டுங்கள். தோல் உரிந்திருந்தால் அந்த இடத்தில் உட்கார வைக்கவே கூடாது.

## குழி விழுந்துவிட்டது

நாற்காலியைக் கவிழ்த்து, அடித்துணியைப் பிரித்துப் பாருங்கள். துணி தைக்கப்படாமல் ஸ்டேப்ளர் பின்னில்தான் இருக்கும்.

- பலகை இருக்கிறது, பலகை நன்றாக இருக்கிறது: ஃபோம் மட்டும் மாற்றினால் போதும்.
- பட்டிகள் தளர்ந்திருக்கின்றன: ஒன்றிரண்டு அறுந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய பட்டிக்கு நடுவே புதியது ஒன்று மட்டும் போட்டால் அதன்மேல் பாரம் முழுதும் ஏறும். எலாஸ்டிக் பட்டியைச் சுமார் 10 சதவீதம் இழுத்து, முனையை மடித்து அடியுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் போட வேண்டும்.
- வளைகம்பி ஸ்பிரிங் கழன்றிருக்கிறது: கிளிப் மட்டும் கழன்றிருந்தால் திரும்ப மாட்டலாம். கம்பி ஒடிந்திருந்தால் குஷன் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். இழுவிசையில் உள்ள கம்பி முகத்தில் அடிக்கும்.
- சட்டமே விரிந்திருக்கிறது: தச்சர்.

அவசரத்துக்கு மெத்தையின் அடியில் 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட் போடலாம். சட்டத்தின் உள்ளளவுக்கு வெட்டினால் பட்டிமேல் உட்கார்ந்து அதுவும் குழியோடு போகும். நான்கு பக்கமும் சட்டத்தின்மேல் ஏறி உட்காரும்படி வெட்டுங்கள். மூலைகளை உருட்டிவிடுங்கள். காற்றுப் போக 2 செ.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு போடுங்கள். இருக்கை இப்போது உயர்ந்திருக்கும். ஆகவே கைப்பிடி அளவைத் திரும்பப் பாருங்கள்.

## ஆடுகிறது, கிறீச்சிடுகிறது

முதலில் நாற்காலியைக் கால்வட்டம், அதாவது 90 பாகை, திருப்பி வையுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு தரையில். திருப்பியும் அதே கால் தூக்கினால் கோளாறு காலில். அந்தக் காலுக்கு அடியில் ரப்பர் வட்டு ஒட்டுங்கள். மற்ற மூன்றையும் அறுக்கத் தொடங்கினால் ஸ்டூல்தான் மிஞ்சும்.

நான்கு காலும் பதிந்தும் ஆடினால் மூட்டு. போல்ட் போட்டதென்றால் எல்லாவற்றையும் பாதி தளர்த்தி, நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டம் கோணிக்கொள்ளும். ஸ்பிரிங் வாஷரோ நைலான் வளைய நட்டோ போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

பசை போட்ட மர மூட்டில் ஆணி அடிக்காதீர்கள். கழுந்து (துளைக்குள் செருகியிருக்கும் மரமுனை) பிளந்துபோகும். மூட்டைக் கழற்றி, காய்ந்த பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுப் புதுப் பசை போடுங்கள். வெள்ளைப் பசை தன் பழைய படலத்தின்மேல் ஒட்டாது. க்ளாம்ப் போட்டு 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. கழுந்து துளையில் லொடலொடவென்று இருந்தால் பசையோடு மெல்லிய மரச்சீவலும் வைக்க வேண்டும், அல்லது இடைவெளியை நிரப்பும் எபாக்சி.

பிளாஸ்டிக் நாற்காலியில் காலும் இருக்கையும் சேரும் இடத்தில் வெள்ளைக்கோடு விழுந்திருந்தால் அது உடையப்போகும் இடம். பசை, கம்பி, உருக்கி ஒட்டுவது எதுவும் நிற்காது, தூக்கிப் போடுங்கள். இரும்புக் குழாயில் வெல்டிங் விரிசல் கண்டால் வெல்டரிடம் போகும்வரை ஓரங்கட்டி வையுங்கள்.

## நாற்காலி நழுவுகிறது, கவிழப் பார்க்கிறது

டைல்ஸ் கீறாமலிருக்க ஒட்டும் கம்பளி வட்டுகள்தான் நழுவலுக்கு முதல் குற்றவாளி. பிய்த்துவிட்டு ரப்பர் புஷ் போடுங்கள். குழாய்க் காலானால் புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வாஷர் போட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் குழாய் விளிம்பு ரப்பரை வெட்டிக்கொண்டு கீழே வந்துவிடும். சக்கரம் உள்ள நாற்காலி முதியவர் தானாக எழுவதற்கு ஏற்றதில்லை. முடிந்தால் சக்கரத்தைக் கழற்றி நிலையான பாதம் போடுங்கள். தற்காலிகமாகச் சுவரோடு ஒட்டி நிறுத்தலாம்.

கவிழ்வதைச் சோதிக்க, காலி நாற்காலியில் ஒரு கைப்பிடியின் முன்நுனியில் உள்ளங்கையை ஊன்றி உங்கள் எடையை மெல்ல ஏற்றுங்கள். பின்கால் தரையை விட்டுக் கிளம்பினால், எழும் நேரத்தில் அவருக்கும் அதுதான் நடக்கும். கைப்பிடி முன்கால்களைத் தாண்டி நீண்டிருக்கிறது என்று பொருள். கைப்பிடியைக் குறைக்கவோ, கால்களின் அடியில் முன்னால் நீளும் சட்டம் போடவோ தச்சரால் முடியும். சட்டத்தின் நுனி கைப்பிடி நுனிக்கு நேர்கீழே வந்தால் போதும். அதற்குமேல் நீண்டால் கால் தடுக்கும். பின்பக்கம் கவிழ்கிறதென்றால் சாய்மானத்தில் தொங்கும் பைகளை எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

## வாடை, ஈரம்

உறையைத் துவைத்தும் வாடை போகவில்லையென்றால் ஈரம் ஃபோமுக்குள் இறங்கிவிட்டது. ஃபோமை அலசிக் காயவைப்பது வீண்வேலை, நடுப்பகுதி காயாது. புது ஃபோமுக்கு, நீர் இறங்காத ஆனால் ஆவி போகக்கூடிய, இழுபடும் பாலியூரித்தேன் பூசிய துணியில் ஜிப் உறை தையுங்கள். ஜிப் பின்பக்கம் அடியில் வரட்டும். விறைப்பான பிளாஸ்டிக் உறை மாட்டினால் அது தொட்டில்போல் இழுத்து நின்று, நல்ல ஃபோமையும் வேலை செய்யவிடாது. இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தால் துடைக்கலாம். அங்கே தையல் போட்டு மூடிய நாற்காலியை வாங்காதீர்கள்.

## மோட்டார் நாற்காலி நகரவில்லை

1. பிளக்கை வேறொரு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள்.
2. அடியில் உள்ள அடாப்டரின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் அடாப்டர் அல்லது வயர்.
3. விளக்கு எரிந்தால் ரிமோட் வயரின் இணைப்பைக் கழற்றி மாட்டுங்கள். காலால் இழுபட்டுக் கழல்வது வழக்கம்.
4. இப்போதுதான் பலமுறை ஏற்றி இறக்கினீர்களா? பல மோட்டார்களில் 2 நிமிடம் ஓட்டம், 18 நிமிடம் ஓய்வு என்று லேபிளிலேயே போட்டிருக்கும். அரைமணி விட்டுப் பாருங்கள்.
5. பிளக்கைப் பிடுங்கியபின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் கம்பிகளுக்கு நடுவே நசுங்கியிருக்கலாம், போர்வை சிக்கியிருக்கலாம்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் நாற்காலி நகராவிட்டாலும், கருகல் வாடை வந்தாலும், வயர் நசுங்கியிருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். சாய்ந்த நிலையில் மின்சாரம் போனால் ஒருமுறை நிமிர்த்துவதற்குப் பல மாடல்களில் 9 வோல்ட் பேட்டரி இரண்டு போட இடம் இருக்கும். அது காலியாகத்தான் கிடக்கும். போட்டுவையுங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். நாற்காலியை இறக்கும் முன் அடியில் குழந்தையோ செல்லப்பிராணியோ இல்லை என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். யாரும் உட்காராதபோது ரிமோட்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.